முதுகில் முப்பது கட்டம்

கட்டிய பெண்டாட்டிக்குத் தூசி ஆகாது, பூனை ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்று நாலு பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புருஷனே ஆகாது என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? பெயிண்டர் கேட்டான். சொன்னது அவனுடைய சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால்கூடப் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பான். மனிதர் சாப்பாட்டு மேஜையில், எல்லோரையும் வைத்துக்கொண்டு, வாயில் கவளத்தோடு சொன்னார்.

"இதுக்கு எதுக்கு சகல டாக்டரும் மருந்தும்? விஷயம் வெட்ட வெளிச்சமாத்தானே இருக்கு. இங்க வந்தா ஒரு வாரத்துல மூஞ்சி பளிச்சுன்னு ஆயிடுது. உன்கிட்ட திரும்பி வந்தா மூணாம் நாள் வீங்குது. அலர்ஜி வேற எதுமேலயும் இல்ல. உன்மேலதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பெயிண்டரும் சிரித்தான். மனைவியும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். அந்தத் தாமதம் அவன் நெஞ்சில் தைத்துவிட்டது. அவளை அங்கே விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். பக்கத்தில் இருந்தவர் முறைத்துவிட்டு வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்.

அவள் ஒரு பெரிய கடையில் அழகு சாதனப் பிரிவில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் முகத்தை ஒரு பார்வை பார்த்து, வரிசையில் இருக்கும் நாற்பது உதட்டுச் சாயத்தில் சரியான ஒன்றை உருவி எடுப்பாள். அதனால் கடையில் அவளுக்கு 'ஷேடு' என்றே பட்டப்பெயர். கடைக்கு வருகிறவர்கள்கூட "ஷேடு அக்கா இன்னிக்கு லீவா?" என்று கேட்பார்கள். சாயத்தைத் தன் புறங்கையில் தீற்றிக் காட்டுவாள், ஈரத் துடைப்பான் ஒன்றை உருவித் துடைப்பாள், அடுத்ததைத் தீற்றுவாள். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தடவை. வேலை முடிந்ததும் அதே துடைப்பானால் முகத்து ஒப்பனையையும் துடைத்துவிட்டு வீட்டுக்கு வருவாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் புறங்கையில் அரிப்பு ஆரம்பித்தது. பிறகு கண் இமை, கன்னம், காதுக்குப் பின்புறம். சிவந்தது, வீங்கியது, தோல் உரிந்தது. சொறியக் கூடாது என்று கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மருந்துக் கடைக்காரர் ஒரு களிம்பு கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரி இன்னொன்று கொடுத்தாள். சகலை தொலைபேசியில் மூன்று வைத்தியம் சொன்னார், மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரானவை. கடைசியில் அவளே ஒரு நாள் கிரீம், பவுடர், சாயம், துடைப்பான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டி அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டாள். கடையில் நீண்ட விடுப்பு சொன்னாள். வீங்கிய முகத்தோடு நின்றுகொண்டு அழகு சாதனம் விற்றால் யார் வாங்குவார்கள்?

அத்தனையும் விட்டும் முகம் அடங்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் இருந்தாள், அடங்கிவிட்டது. சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் காலையில் கண் திறக்க முடியவில்லை. மறுபடி அக்கா வீடு, மறுபடி தெளிந்தது. மறுபடி வந்தாள், மறுபடி வீங்கியது. பெயிண்டருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

கிரீம் இல்லை, பவுடர் இல்லை. அக்கா வீட்டில் இல்லாமல் இந்த வீட்டில் மட்டும் இருப்பது என்ன? நான்தான் என்று நினைத்துக்கொண்டான். சகலை வேடிக்கையாகச் சொல்வதற்கு முன்னாலேயே அவன் மனசு அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தப் பேச்சு அப்படிக் குத்தியது.

ஆள் சும்மா இருக்கவில்லை. சோப்பை மாற்றினான். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினான். சவரத்துக்கு நுரை போடாமல் வெறும் தண்ணீரில் சிரைத்துக் கன்னமெல்லாம் கீறிக்கொண்டான். மீசையில் எட்டிப் பார்த்த நரைக்கு யாருக்கும் தெரியாமல் மை தடவி வந்தவன், ஒரு நாள் மை வேண்டாம் என்று முடிவு செய்து மீசையையே எடுத்துவிட்டான். அதைப் பார்த்துவிட்டு அவள் வாசலிலேயே நின்று "யாருங்க நீங்க, எங்க வீட்டுக்காரரைக் காணோம்" என்றாள். அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் வீங்கியது.

மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கிப் போட்டான். திரைச்சீலையை வெந்நீரில் அலசினான். முதல் தடவை அவள் அக்கா வீட்டில் இருந்தபோது, "சுவத்துல பூஞ்சை இருக்கான்னு பாருங்க" என்று மருந்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். பெயிண்டரிடம் போய் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? படுக்கையறையைத் தேய்த்து, பட்டி பார்த்து, இரண்டு கோட்டு அடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தான். இரண்டாம் தடவை, முன்பு அடித்தது மட்டமான சரக்காக இருக்கும் என்று சந்தேகப்பட்டு, குழந்தைகள் அறைக்கென்றே விற்கிற வாசனையில்லாத உயர்ந்த சரக்கை வாங்கி அடித்தான். அவளும் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிச்ச வாசனையே இல்லையே" என்று மெச்சினாள்.

ஒரே ஒரு சுவரை மட்டும் அவன் தொடவில்லை. அது கதவை ஒட்டிய சுவர், அவளுடைய சுவர்.

கல்யாணமான புதிதில் வந்த பழக்கம் அது. எந்த வீட்டு வேலையை ஒப்புக்கொண்டாலும், வாடிக்கையாளர் கேட்ட நிறத்தையும் அதற்குப் பக்கத்து நிறங்களையும் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டம் கட்டமாக அந்தச் சுவரில் அடித்து வைப்பான். அவள் உடனே பார்க்க மாட்டாள். "ஈரத்துல எந்தக் கலரும் பொய்தான் சொல்லும். ரெண்டு நாள் போகட்டும்" என்பாள். இரண்டாம் நாள் காலை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பாள். நாலாம் நாள் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கட்டத்தின்மேல் விரலை வைப்பாள். அவள் விரல் வைத்த நிறத்தை எந்த வாடிக்கையாளரும் வேண்டாம் என்றதில்லை. பதினோரு வருஷத்தில் அந்தச் சுவர் முழுக்கக் கட்டங்கள், கட்டத்தின்மேல் கட்டங்கள். அவள் ஊரில் இல்லாத நாட்களிலும், வந்து பார்ப்பாள் என்று அடித்து வைத்தபடியேதான் இருந்தான்.

சகலை அந்தப் பேச்சைப் பேசியது இரண்டாம் தடவை வீங்கிப் போயிருந்தபோது. அதே வாரத்தில் கடையிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. விடுப்பை இனி நீட்ட முடியாது, அக்கா இருக்கும் ஊர்க் கிளையில் அலுவலக வேலை ஒன்று காலியாக இருக்கிறது, முகத்தைக் காட்ட வேண்டியதில்லை, விருப்பமானால் அடுத்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் என்று எழுதியிருந்தது. அவள் அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள்.

"நீ என்ன நினைக்கிற?" என்று அவன் கேட்டான்.

"இன்னும் ஒரு தடவ வந்து பாக்குறேன். இந்தத் தடவயும் அப்படியே ஆச்சுன்னா போட்டுடுறேங்க. வாரத்துல ஒரு நாள் நீங்க வந்து பார்த்துக்கலாம்."

வாரத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்க்க அவள் என்ன ஆஸ்பத்திரியிலா கிடக்கிறாள்? அவனுக்குக் கோபம் வந்தது, யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அந்தக் கோபத்தோடு ஏணியைப் போட்டு, மூன்று சுவரோடு மேல்தளத்தையும் சேர்த்து மறுபடி அடித்தான். கதவிடுக்கு, ஜன்னல் ஓரம், அலமாரிக்குப் பின்னால் என்று ஒரு விரல்கூட விடவில்லை. தன்னால் முடிந்த ஒரே வேலை அதுதான், அதையாவது குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று செய்தான்.

வெள்ளிக்கிழமை வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவளைத் திருப்பிப் பார்த்தான். இடது கண் முழுதாக மூடியிருந்தது.

"எனக்கு உங்கமேல கோபம் இல்லைங்க" என்றாள் பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டே. "ஆனா பக்கத்துல வந்தா பயமா இருக்கு. நேத்து நீங்க தோள்ல கை வெச்சப்போ, சீக்கிரம் எடுத்துடணுமேன்னு இருந்துச்சு. அப்படி நினைச்சதுக்கு எனக்கே கேவலமா இருக்கு."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்தக் கைகளை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒழுங்காகப் படித்த தோல் டாக்டர் ஒருவரைப் பார்த்துவிட வேண்டும், இனி மருந்துக் கடையும் பக்கத்து வீடும் வேண்டாம். அக்கா ஊரில் ஒரு தோல் டாக்டர் இருந்தார். முகம் அடங்கி ஒரு வாரம் ஆன பிறகு வாருங்கள், உபயோகித்த எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்.

அலமாரி மேலிருந்த பையை அவன் இறக்கி எடுத்துக்கொண்டு போனான். கூடவே இன்னொரு பையும் எடுத்துப் போனான். டாக்டர் மேஜையில் முதல் பையைக் கவிழ்த்துக் கிரீமையும் துடைப்பானையும் பார்த்துவிட்டு, இரண்டாவதைத் திறந்தார். உள்ளே அவனுடைய சோப்பு, சவர நுரை, எண்ணெய்ப் புட்டி, மீசை மை, துவைக்காத சட்டை ஒன்று.

"இது யாருது?"

"என்னோடதுங்க டாக்டர். என்னையும் சேர்த்து ஒட்டிப் பார்த்துடுங்க."

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி, சட்டென்று சிரிக்கிற ஆளாகத் தெரியவில்லை. ஆனாலும் சிரித்துவிட்டார். "சோப்பை அப்படியே ஒட்டுனா யாருக்கா இருந்தாலும் சிவக்கும். சட்டையை எடுத்துட்டுப் போய்த் துவைங்க" என்றார்.

பிறகு அவள் முதுகில், சின்னச் சின்ன வட்டத் தட்டுகள் பதித்த ஒட்டுத் துணிகளை வரிசையாக ஒட்டினார். ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு பொருள், துளித் துளியாக. சுற்றிலும் பேனாவால் கோடு இழுத்துக் கட்டம் போட்டு எண் எழுதினார். மொத்தம் முப்பது கட்டம். வாசனைக்குச் சேர்ப்பது, நிறத்துக்குச் சேர்ப்பது, கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது என்று ஒவ்வொன்றும் தனித்தனி.

"ரெண்டு நாள் கழிச்சு எடுத்துட்டு ஒரு தடவ பார்ப்பேன். நாலாம் நாள் இன்னொரு தடவ பார்ப்பேன். முதல் நாள் பார்க்கிறது சில சமயம் ஏமாத்திடும். அதுவரைக்கும் குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது, சொறியவே கூடாது."

பெயிண்டர் மனைவியைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. இந்த டாக்டரம்மா தங்கள் வீட்டுச் சுவரை எப்போது வந்து பார்த்தார் என்று அவனுக்குத் தோன்றியது.

அந்த நாலு நாளும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு சகலை வீட்டுக் கூடத்திலேயே கிடந்தான். அவள் நாற்காலியில் சாயாமல் விறைப்பாக உட்கார்ந்திருப்பாள். முதுகு அரிக்கிறது என்பாள். எந்தப் பக்கம் என்று கேட்பான், இடது பக்கம் கீழே என்பாள். கீழே எத்தனாவது கட்டம் என்று கேட்பான். "எனக்கென்ன முதுகுல கண்ணா இருக்கு?" என்று எரிந்து விழுவாள். அவன் எழுந்து தெருமுனை வரை போவான், பாதியிலேயே திரும்பி வருவான், தண்ணீர் குடிப்பான், மறுபடி போவான். அவளுடைய அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு இடத்துல உக்காருங்க. உங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை சுத்துது" என்றாள். கடைக் கடிதம் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் பேனாவோடு வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பேனாவை அவன் இரண்டு தடவை வேறு இடத்தில் எடுத்து வைத்தான். யாரோ திரும்பவும் அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

சகலைக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைக்குமா? "சகல, ஒட்டுனதுல உன் போட்டோவையும் ஒண்ணு வெச்சிருக்கணும். முதல் ரிசல்ட்டே அதுதான் வந்திருக்கும்" என்றார்.

"விடுங்க சகல" என்றான் பெயிண்டர். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று பயந்தான்.

இரண்டாம் நாள் டாக்டர் துணிகளை உரித்தார். இருபத்திரண்டாம் கட்டத்தில் மட்டும் லேசான சிவப்பு. ஒட்டுத் துணி பிடித்து இழுத்ததாகவும் இருக்கலாம், இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். மற்ற இருபத்தொன்பதும் வெறும் தோல். அவன் வாய்விட்டு எண்ணிச் சரிபார்த்தான். டாக்டர் எண்ண விட்டார்.

நாலாம் நாள் சிவப்பு பற்றிச் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இருபத்திரண்டாம் கட்டம் தடித்து, மேலெல்லாம் பொடிப் பொடிக் கொப்புளமாக நின்றது.

டாக்டர் ஒரு தாளில் அதன் பெயரை எழுதினார். மெத்தில்ஐசோதையசோலினோன். பெயிண்டர் எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. டாக்டர் துடைப்பான் பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் எறும்பு ஊர்வதுபோல அச்சிட்டிருந்த வரிகளில் அதே பெயரைப் பேனா முனையால் காட்டினார். கிரீம் குப்பியிலும் அது இருந்தது.

"தண்ணி சேர்த்த எதுவும் கிருமி வந்து கெட்டுப்போகும். கெடாம இருக்க இதைக் கொஞ்சம் போடுவாங்க. எல்லாருக்கும் ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கு ஒரு நாளைக்கு அம்பது தடவ கையில பட்டுருக்கு, முகத்துல பட்டுருக்கு. உடம்பு அதை எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. முடிவு பண்ணினா பண்ணினதுதான், மறக்காது. இனிமே எங்க எவ்வளவு கொஞ்சமா இருந்தாலும் கண்டுபிடிச்சிடும்."

அவள் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். "ரொம்ப மென்மையானது, பச்சக் குழந்தைக்குக்கூட ஆகும்னு சொல்லிச் சொல்லி இதை எத்தனை பேருக்கு வித்திருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு மேஜைமேல் தள்ளி வைத்தாள்.

பெயிண்டருக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் இல்லை. பிறகு அந்த நிம்மதிக்குள்ளேயே சந்தேகம் எழுந்தது. "இதையெல்லாம் விட்டு மூணு மாசம் ஆச்சுங்களே டாக்டர். அப்புறமும் வீட்டுக்கு வந்தா மட்டும் வீங்குதே?"

டாக்டர் யோசித்தார். "வீட்டுல வேற என்ன இருக்கு? பாத்திரம் கழுவுற திரவம்? துணிக்குப் போடுறது?"

"அக்கா வீட்டுலயும் அதேதான் டாக்டர்" என்றாள் அவள்.

"நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று டாக்டர் அவனைக் கேட்டார்.

"பெயிண்டர்ங்க."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "சமீபத்துல வீட்டுல பெயிண்ட் அடிச்சீங்களா?"

தண்ணீர்ப் பெயிண்டைத் திறந்து வைத்தால் மாதக் கணக்கில் கெடாமல் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாதா? கெட்டுப்போன வாளி ஒன்றை வருஷங்களுக்கு முன்னால் திறந்து, நாற்றம் தாங்காமல் ஓடியிருக்கிறான். இப்போது வருகிற வாளிகள் ஏன் நாறுவதில்லை என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"அடிச்சேன்."

"எப்போ?"

"மூணு தடவ."

"நாலு மாசத்துலயா? ஒரே அறைக்கு எதுக்கு மூணு தடவ?"

அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. "அவ வர்றாளேன்னு" என்றான்.

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று அப்புறம் அவளே சொன்னாள்.

புதிதாக அடித்த சுவரிலிருந்து அந்த மருந்து கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் வாரக் கணக்கில் காற்றில் கலந்துகொண்டிருக்கும் என்று டாக்டர் விளக்கினார். வாசனை இல்லை என்றால் பொருள் இல்லை என்று அர்த்தமில்லை. முதலில் உடம்பை எதிர்க்க வைத்தது துடைப்பானும் கிரீமும், பிறகு கிளறிவிட்டுக்கொண்டே இருந்தது அவன் உடையில் ஒட்டி வந்த பெயிண்டும் புதிதாக அடித்த அறையும். வேலையிலிருந்து வந்தால் வெளியிலேயே குளித்து உடை மாற்ற வேண்டும். காய்ந்து பல வாரம் ஆன சுவர் பிரச்சினை இல்லை. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். காதில் பாதிதான் விழுந்தது.

வெளியே வந்ததும் அவள் திட்டினாள். "சுவத்துல ஒண்ணும் இல்லன்னு நான் எத்தனை தடவ சொன்னேன். கேட்டீங்களா? ஒரு தடவ அடிச்சா போதாதா? மேல்தளம் என்னங்க பண்ணுச்சு உங்களை?" திட்டத் திட்ட அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. நாலு மாதமாக அவள் அவனை இப்படி வாய் நிறையத் திட்டியிருக்கவில்லை.

ஆனால் கடிதம் அங்கேயேதான் இருந்தது. மாதம் முடிய மூன்று வாரம். "கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமான்னு வீட்டுல நாலு நாள் இருந்து பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள். "டாக்டர் சொல்றது சரியா இருக்கலாம். என் மூஞ்சி சொல்லட்டும்."

பெயிண்டர் அன்றே வீட்டுக்கு ஓடினான். கூடவே, யாரும் கூப்பிடாமல், சகலையும் பஸ் ஏறினார். இருவரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு, பட்டி பிளேடால் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார்கள். வெறும் சிமென்ட் பூச்சு தெரிகிற வரைக்கும் சுரண்டுவது என்று முடிவு. அடிப்பதைவிட எடுப்பது பத்து மடங்கு வேலை என்று பெயிண்டருக்குத் தெரியும், சகலைக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

மூன்று சுவரும் மேல்தளமும் முடிந்தபின் கதவுப் பக்கச் சுவர் மிச்சம் இருந்தது. அதில் கடைசி வரிசைக் கட்டங்கள் அவள் பார்க்காமலேயே காய்ந்திருந்தன. பெயிண்டர் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இதை விட்டுடலாமே சகல" என்றார் சகலை. அவர் குரலில் கேலி இல்லை.

"இதுவும்தான்" என்று சொல்லிப் பெயிண்டர் முதல் கட்டத்தில் பிளேடை வைத்தான். பதினோரு வருஷத்து நிறங்கள் சீவல் சீவலாகத் தரையில் விழுந்தன. அவன் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சகலையிடம் சொன்னான். சகலை நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

தரையையும் அலமாரியையும் ஈரத்துணியால் நாலு தடவை துடைத்தார்கள். பிறகு சுண்ணாம்பைத் தூளாக வாங்கி வந்து, தானே தண்ணீரில் நீர்த்து, வெள்ளை அடித்தான். சுண்ணாம்புக்கு எந்த மருந்தும் தேவையில்லை, அதில் ஒரு கிருமியும் முளைக்காது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். வேலைக்கும் அந்த நாட்களில் வாளிப் பெயிண்டைத் தொடவில்லை. மரக் கதவுக்குப் பாலிஷ் போடுகிற வேலை ஒன்று கிடைத்தது, அதை முடித்து, வேலை இடத்திலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டு வந்தான்.

கிளம்பும்போது சகலை ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் அவர் சகலையா? "எப்படிச் சுத்திப் பார்த்தாலும் நான் சொன்னதுதானே சகல? உன்னாலதானே வீங்குச்சு?"

"ஆமா சகல" என்றான் பெயிண்டர். "என்னாலதான்."

சகலை அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அவள் வந்தாள். கைப்பையில் கடிதம் இருந்தது, வெள்ளிக்கிழமை கடைசி நாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவுப் பக்கச் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அவன் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன் என்றான். வேண்டாம் என்றாள்.

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை மூன்றாம் நாள். காலையில் அவள் எழுவதற்கு முன்னால் அவன் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான், பார்க்கத் தைரியம் இல்லை. அவள் வந்து நின்றபோது இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அவசரப்படக் கூடாது என்று இருவருக்குமே தெரியும். அன்று முழுக்க அவன் மூன்று தடவை ஏதோ மறந்துவிட்டதாக வேலை இடத்திலிருந்து வீட்டுக்கு வந்தான்.

வியாழக்கிழமை, நாலாம் நாள். துண்டைத் தேடுகிறவன்போல அறையில் இப்படியும் அப்படியும் நடந்தான்.

"தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு எதைத் தேடுறீங்க?" என்றாள். "கிட்ட வந்து ஒழுங்கா பாருங்க."

ஜன்னல் பக்கம் போய், காலை வெளிச்சத்தில் முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவன் பார்த்தான். இமை, கன்னம், மூக்கோரம். தலைமுடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் பார்த்தான். புறங்கையைத் திருப்பிப் பார்த்தான். எங்கும் ஒன்றும் இல்லை. ஒப்பனை ஏதும் இல்லாத அந்த முகத்தை இவ்வளவு நேரம் அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அவள் கண்ணைத் திறக்காமலேயே அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எடுக்கச் சொல்லவில்லை.

கடை திறக்கிற நேரத்துக்கு மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கடிதம் மடியில் இருந்தது, கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. "சார், மாற்றல் வேண்டாம். இங்கயே வேற பிரிவுல ஏதாவது இருந்தா பாருங்க, துணிப் பிரிவா இருந்தாலும் சரி" என்றாள். அந்தப் பக்கம் மேலாளர் நீளமாக ஏதோ கேட்டார். நல்ல வாய்ப்பு, அக்காவும் அங்கேதானே இருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார்.

"அக்கா அங்க இருக்காங்க, சரிதான் சார்" என்றாள். "எங்க வீட்டுக்காரர் இங்கதானே இருக்காரு."